மிக்கியின் காதுகளைப் பார்க்கக் கற்றல்

மிக்கி மவுஸை நினைவிலிருந்து வரையச் சொன்னால், பெரும்பாலோர் இரண்டு கரிய காதுகளையும் ஒரு மூக்கையும் எளிதாகப் போட்டுவிட்டு, முகத்தின் வெள்ளைப் பகுதி நெற்றியில் எப்படி வளைகிறது, கண்கள் எந்த இடத்தில் அமர்கின்றன என்பதில் தடுமாறிவிடுவார்கள். அந்த உருவத்தைப் படிப்படியாக வரைந்து பார்ப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது. அதை வடிவமைத்தவர் எந்த இடத்தில் எதைக் கருதினார் என்பது, வெறுமனே பார்ப்பவரைவிடப் பென்சில் பிடித்தவருக்கே விரைவில் புலப்படும்.

முதலில் தலைக்கு ஒரு வட்டத்தை அழுத்தமில்லாமல் போட்டு, அதன் மேல் நெடுக்காக ஒன்றும் குறுக்காக ஒன்றுமாக இரண்டு கோடுகளை இட வேண்டும். வழிகாட்டிக் கோடுகள் எனப்படும் இவை, பந்தின் மேல் சுற்றிய நூலைப் போல வளைந்திருப்பது அவசியம். தாளில் உள்ள வட்டம் தட்டன்று, உருண்டை என்பதைக் கைக்கு உணர்த்துபவை இவைதாம். நெடுங்கோடு இடப்புறம் வளைந்தால் முகம் இடப்புறம் திரும்பும். குறுக்குக்கோடு தாழ்ந்தால் மிக்கி தலை குனிவார்.

உருவம் வட்டங்களால் ஆனதற்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. ஆஸ்வால்ட் என்னும் முயல் பாத்திரத்தின் உரிமை கைவிட்டுப் போன நிலையில், வால்ட் டிஸ்னியும் அவருடைய கூட்டாளியான ஓவியர் அப் ஐவர்க்ஸும் 1928-இல் இந்த எலியை உருவாக்கினார்கள். ஒலியுடன் கூடிய திரைப்படம் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுவதால் ஆயிரக்கணக்கான படங்களை விரைந்து வரைய வேண்டியிருந்தது. எந்தத் திசையில் திருப்பினாலும் மாறாத வட்டம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தது. அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள் நியூயார்க்கில் திரையிடப்பட்ட ‘ஸ்டீம்போட் வில்லி’யில் காணும் வடிவமே பழகுபவருக்கு மிக எளியது, அது 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமைக் காப்பிலிருந்து விடுபட்டும் இருக்கிறது.

மிகுதியாக ரசிக்கத்தக்கவை காதுகளே. உண்மையான எலியின் காது மெல்லிய தட்டு போன்றதாகையால், தலை திரும்பும்போது அது ஒடுங்கித் தெரிய வேண்டும். மிக்கியின் காதுகளோ முகம் நேராக இருந்தாலும் பக்கவாட்டில் இருந்தாலும் முழு வட்டமாகவே நிற்கின்றன. தலை திரும்பத் திரும்ப அவை ஒடுங்குவதில்லை, மண்டையின் மேல் வழுக்கிச் சென்று வேறோர் இடத்தில் அமர்கின்றன. நேர்முகம், முக்கால் முகம், பக்கமுகம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வரைந்தால் இந்த நகர்வு தெளிவாகும். கணக்குப்படி இது பிழைதான்; ஆனால் எவ்வளவு தொலைவிலிருந்தும் அடையாளம் காணத்தக்க நிழலுருவை, அதாவது உட்கோடுகள் இல்லாத புறவடிவத்தை, இந்தப் பிழையே காத்து நிற்கிறது.

கண்களின் கதை வேறு. தொடக்ககாலப் படங்களில் கரிய நீள்வட்டங்களே கண்களாக நின்றதால், மிக்கி எங்கே பார்க்கிறார் என்பதைக் காட்டுவது கடினமாக இருந்தது. டிஸ்னி நிறுவனத்தின் ஓவியர் ஃபிரெட் மூர் உடலைப் பேரிக்காய் வடிவில் மாற்றி, அது நசுங்கவும் நீளவும் இடம் கொடுத்தார். 1939-இல் வெளிவந்த ‘தி பாயிண்டர்’ படத்தில் வெள்ளை விழிக்குள் கருமணியும் வந்து சேர்ந்தது. பழைய முகத்தையும் புதிய முகத்தையும் ஒரே தாளில் வரைந்து, கருமணியைச் சற்றே ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தால், அச்சமும் குறும்பும் எவ்வளவு சிறிய இடமாற்றத்தில் பிறக்கின்றன என்பது விளங்கும்.

இறுதியாக, 1928-ஆம் ஆண்டு வடிவத்தில், கையுறையில்லாக் கரிய கையை மார்பின் குறுக்கே மடித்து வரைந்து, உடலுக்கும் கைக்கும் கருமை தீட்டிப் பார்க்கலாம். கை உடலோடு கலந்து காணாமல் போய்விடும். கறுப்பு வெள்ளைத் திரையிலும் இதே இடர் இருந்தது. 1929-இல் வந்த ‘தி ஓப்ரி ஹவுஸ்’ படத்தில் மிக்கி வெள்ளைக் கையுறை அணிந்தார். முன்பு வரைந்த அதே ஓவியத்தில் உள்ளங்கைக்கு ஒரு சிறு வட்டம், மூன்று தடித்த விரல்கள், ஒரு கட்டைவிரல் ஆகியவற்றை வெள்ளையாக விட்டு மீண்டும் தீட்டினால், மறைந்த கை கருமைக்கு நடுவே மீண்டும் எழுந்து வரும்.