லாஃப்ட்டில் ஏற்றிய மில்டன்

வீடு காலி செய்யும்போதுதான் கண்ணில் பட்டது. சமையலறை லாஃப்ட்டில், பழைய குக்கருக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’. இன்ஜினியரிங் முடித்த வருஷம் வாங்கியது. முப்பது பக்கம்கூடத் தாண்டவில்லை. ஆனால் யார் கேட்டாலும், “ரொம்ப லாஃப்டியான காவியம்ங்க” என்று சொல்லிவிடுவேன்.

புத்தகம் கிடந்த இடத்துக்கும் நான் சொன்ன பாராட்டுக்கும் வேர் ஒன்றே. பழைய நார்ஸ் மொழியில் ‘லொப்ட்’ என்றால் காற்று, வானம். வீட்டின் மேல்தளமும் அதுதான். ஜெர்மனில் காற்றுக்கு ‘லுஃப்ட்’. ஆபீஸில் தினமும் ஏறுகிற லிஃப்ட்டும் இதே குடும்பம். ‘லாஃப்டி’ என்ற பெயரடை கோபுரத்தின் உயரத்தையும் சொல்லும், எண்ணத்தின் உயர்வையும் சொல்லும், ஆளின் தலைக்கனத்தையும் சொல்லும்.

1779இல் சாமுவேல் ஜான்சன் மில்டனைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார். பிரம்மாண்டமான உயரமே மில்டனின் இயல்பான தோரணை என்கிறார். அதே கட்டுரையில், இந்தக் காவியம் இன்னும் நீண்டிருக்கலாமே என்று யாரும் ஆசைப்பட்டதில்லை, இதைப் படிப்பது இன்பத்தைவிடக் கடமை என்றும் சொல்லிவிடுகிறார். மேலே ஏற்றியாச்சு, இனி யார் இறக்கப்போகிறார்கள்? ஜான்சனாவது முழுசாகப் படித்துவிட்டுச் சொன்னார். நான் படிக்காமலே சொன்னேன்.

லாஃப்ட்டுக்கு நம்மிடம் பரண் என்ற சொல் இருக்கிறது. வீட்டுப் பரணில் சாமானை ஏற்றி மறந்துவிடுவோம். தினைப்புனத்துப் பரணில் ஆள் ஏறிக் காவல் பார்ப்பார்கள். இந்த முறை இறக்கிப் படித்தபோது தெரிந்தது, மில்டனின் உயரம் இரண்டாவது வகை. நான்காம் பாகத்தில் சாத்தான் ஏதேன் தோட்டத்து மரத்தின் மேல் நீர்க்காகம்போல உட்கார்ந்து நோட்டம் விடுகிறான். பதினொன்றாம் பாகத்தில் தேவதூதன் மிக்கேல் ஆதாமை மலையுச்சிக்குக் கூட்டிப்போய் மனித குலத்துக்கு வரப்போவதைக் காட்டுகிறான்.

ஆனால் காவியம் உச்சியில் முடியவில்லை. ஆதாம் கீழே இறங்கி, ஏவாள் படுத்திருந்த இடத்துக்கு ஓடுகிறான். கடைசியில் இருவரும் கைகோத்து, மெல்ல, தோட்டத்தை விட்டு வெளியே நடக்கிறார்கள். நான் படித்ததில் மனசை அசைத்தது இந்த இடம்தான். இதற்கு ‘லாஃப்டி’ என்ற சொல் பொருந்தவே பொருந்தாது.

தமிழிலும் ‘உன்னதமான படைப்பு’ என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். புது வீட்டிலும் லாஃப்ட் இருக்கிறது. இனி அந்தச் சொல் விரலுக்கு வரும்போது என்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: படித்தேனா, ஏற்றிவைத்தேனா?