தேவசித்தமும் நம் தெரிவும்

படிப்பை முடித்து நிற்கும் கிறிஸ்தவ இளைஞன் ஒருவன், இனி என்ன செய்வது என்று போதகரையோ பங்குச் சாமியாரையோ பெற்ற தாயையோ கேட்பானாகில், ஜெபம் பண்ணு, ஆண்டவர் வழிகாட்டுவார் என்ற விடையே பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கிறது. அவ்விடையில் பிழை இல்லை. ஆனால் ஆண்டவர் காட்டும் வழியை எவ்விதம் இனங்கண்டுகொள்வது, தன் ஆசையையும் சுற்றத்தாரின் நிர்ப்பந்தத்தையும் தேவசித்தமென்று மயங்காதிருப்பது எங்ஙனம் என்பதை எடுத்துச் சொல்வார் அரியர். அக்குறையை, கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்த வசனமும், டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டையும் நிரப்பிவிடுகின்றன. அந்த அட்டை தரும் ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். துக்கம் நேர்ந்த வீடுகளை அது தாங்கி நிறுத்துவதை அறிவேன். எனினும் ஆறுதலுக்கென்று பெற்ற வசனத்தைக் கொண்டு உத்தியோகத்தையும் விவாகத்தையும் முடிவு செய்வது, நாம் செய்ய வேண்டிய தெரிவைத் தட்டிக்கழிப்பதாகவே முடியும்.

இக்கேள்வியை நழுவவிடாமல் பிடித்து, அதற்கென ஒரு முறையை வகுத்துத் தந்தவர் லொயோலா இஞ்ஞாசியார். 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் அங்கீகாரம் பெற்ற அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்', படித்து முடிப்பதற்கான நூலன்று. வழிகாட்டி ஒருவரின் துணையோடு, சுமார் முப்பது நாள் ஞான ஒடுக்கத்தில் செய்து பார்ப்பதற்கான குறிப்புகளின் தொகுதி. இன்று எங்கும் காணும் இலட்சியத் திட்டங்களோடு ஒப்பிட்டு நோக்கின் அதன் பெருமையும் விளங்கும். நெருங்கி நோக்கின் அதன் குறைகளும் மறைவதில்லை.

முறை பிறந்த இடம் ஒரு நோயாளியின் கட்டில். 1521 மே மாதத்தில், பம்ப்ளோனா கோட்டையைக் காத்து நின்ற போரில், பீரங்கிக் குண்டு பட்டு இஞ்ஞாசியாரின் கால் முறிந்தது; எலும்பு துருத்திக்கொண்டு கூடியதால் இறுக்கமான பூட்ஸ் அணிய இயலாதென்று, அதை மறுபடி அறுக்கச் சொல்லும் அளவுக்கு உலக மோகம் நிறைந்தவராக அவர் அப்போது இருந்தார். படுத்த படுக்கையில் படிக்க வீரக் கதைகள் வேண்டுமென்று கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் சரித்திரமும் புனிதர்களின் வரலாறுமே. உயர்குலப் பெண்ணொருத்திக்காகத் தாம் ஆற்றப்போகும் சாகசங்களை நினைத்திருக்கையில் இன்பம் பெருகிற்று, நினைவு கலைந்த பின்னர் உள்ளம் வறண்டது. பிரான்சிஸையும் தோமினிக்கையும் போல் வாழ்வதை நினைத்த பின்னரோ நிறைவு நெடுநேரம் நீடித்தது. இவ்வேற்றுமையைக் கண்டு, அதன் காரணத்தை ஆராயத் தொடங்கினாரே, அதுவே பின்னாள் விதிகள் அனைத்துக்கும் வித்து.

ஆனால் விவேகம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு மொந்செராத் மலைக்குச் செல்லும் வழியில், கன்னி மரியாளைப் பற்றி வாதிட்டுச் சென்ற மூர் இனத்தவன் ஒருவனைத் துரத்திக் குத்துவதா, விடுவதா என்று தீர்மானிக்க இயலாமல், பாதை பிரியும் இடத்தில் தம் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, அது செல்லும் வழியே தம் வழி என்று முடிவு செய்தார். அது மற்றைப் பாதையில் சென்றதனால் ஒரு கொலை தவிர்ந்தது. ஒரு மனிதனின் உயிரை மிருகத்தின் நடைக்கு விட்டவர், தெரிவின் விதிகளை எழுதும் நிலைக்கு வளர்ந்தார் என்பதில், அட்டையை நம்பி நிற்கும் நமக்கும் நம்பிக்கை உண்டு.

அவ்விதிகளின் சாரம் இது. ஐயத்துக்கே இடமின்றி அழைப்பு வருவதும் உண்டு, பவுலுக்கும் மத்தேயுவுக்கும் வந்ததுபோல். அது வாய்க்காதவர்கள், தேற்றரவும் வறட்சியும் உள்ளத்தில் வந்து போகும் விதத்தை நாட்கணக்கில் கவனிக்க வேண்டும். அதுவும் தெளிவு தராவிடில், மனம் அமைதியாக இருக்கும் வேளையில் சாதக பாதகங்களைப் பகுத்தறிவால் எடைபோட்டு, முன்பின் அறியாத ஒருவனுக்கு இந்நிலையில் என்ன யோசனை சொல்வோம், மரணப் படுக்கையில் கிடக்கும்போது எதைத் தெரிவு செய்திருக்க விரும்புவோம் என்று தம்மைத் தாமே கேட்டுப் பார்க்க வேண்டும். வறட்சியுற்ற காலத்தில் முந்தைய தீர்மானத்தை மாற்றலாகாது. வழிகாட்டியும் ஒரு பக்கம் சாயாமல், தராசின் முள்போல் நடுவில் நிற்க வேண்டும்.

இவற்றினும் ஆழமானது, நோக்கத்தையும் வழியையும் அவர் வேறு பிரித்த பிரிவு. முதலில் விவாகத்தையோ பதவியையோ தெரிந்துகொண்டு, அதன் பிறகே அதில் கடவுளுக்கு ஊழியம் செய்வது எப்படி என்று பலர் நினைக்கிறார்கள். இது வழியை நோக்கமாக்கி, நோக்கத்தை அதற்குப் பின்னால் இழுத்துச் செல்வது என்று அவர் கண்டிக்கிறார். ஐந்தாண்டுத் திட்டம், பத்தாண்டுத் திட்டம் என்று எழுதிவைத்து, கீழே ஒரு வசனத்தையும் சேர்த்துக்கொள்ளும் இக்காலத்து வழக்கத்துக்கு இக்கண்டனம் எவ்வளவு பொருந்துகிறது!

அவர் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. எருசலேமில் தங்கி ஆன்மாக்களுக்கு உதவுவதே அவர் கொண்ட இலக்கு. 1523இல் அங்குச் சென்றார். பிரான்சிஸ்கு சபை அதிகாரிகள் தங்க அனுமதியாமல் திருப்பி அனுப்பினார்கள். முப்பது வயது கடந்தவர் பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தார். 1534 ஆகஸ்டு 15இல், பாரிஸ் நகரத்து மோன்மார்த்தரில், தோழர்களோடு மீண்டும் எருசலேம் செல்லவே பிரதிக்ஞை செய்தார். 1537இல் வெனிஸ் நகரில் காத்திருந்தும், துருக்கியரோடு மூண்ட போரினால் கப்பல் கிடைக்கவில்லை. இரு முறை இலக்குத் தவறியவர் நோக்கம் தவறவில்லை; யாத்திரிகராக வாழ நினைத்தவர், ரோமாபுரியில் அத்தோழர்களோடு நிறுவிய சபையின் தலைவராக ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதி, 1556இல் அங்கேயே உயிர் நீத்தார். அவருடைய சபையினர் பின்னாளில் மதுரைக்கும், ஓரியூர் மண்ணுக்கும் வந்தது இத்தெரிவின் தொடர்ச்சியே.

இனிக் குறைகள். உள்ளத்து உணர்வைச் சாட்சியாகக் கொள்ளும் எந்த முறையும், அவரவர் சுபாவத்தைத் தேவ அழைப்பாகக் கொள்ளும் அபாயத்துக்கு உட்பட்டது. இயல்பில் மகிழ்ச்சியுடையவன் எதிலும் தேற்றரவு காண்பான், நோயினால் சோர்ந்தவனுக்கு எதுவும் வறட்சியாகும். இதை இஞ்ஞாசியார் அறியாதவரல்லர்: இலத்தீன் பாடம் மனனம் செய்யும் வேளையில் ஞான இன்பங்கள் பெருகி வந்தபோது, படிப்பைக் கெடுப்பதால் அவையே சோதனை என்று ஒதுக்கினார். ஆயினும் அத்தகைய கூர்மை நூலைக் கையில் எடுப்பார் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தேர்ந்த வழிகாட்டி இல்லாதவிடத்து இம்முறை ஆபத்தானது என்றே சொல்வேன்.

என்னை மிக வருத்துவது இசபெல் ரோசர் அம்மையாரின் விஷயம். இஞ்ஞாசியார் படித்த காலத்தில் ஆண்டாண்டாகப் பொருள் உதவிய அந்தப் பார்சலோனா மாது, கணவரை இழந்தபின் ரோமாபுரிக்கு வந்து, 1545 கிறிஸ்துமஸ் தினத்தில், பாப்பரசரின் அனுமதியோடு, இஞ்ஞாசியாருக்குக் கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு கொடுத்தார். மறு ஆண்டே இஞ்ஞாசியார் அவரை அவ்வார்த்தைப்பாட்டிலிருந்து விடுவித்துவிட்டார். பெண்களுக்குச் சபையில் இடமில்லாமற் போயிற்று. சபையின் பணிச்சுமை முதலிய நியாயங்கள் இருக்கலாம். ஆனால் சிருஷ்டிகர் தம் சிருஷ்டியோடு நேரே பேசுகிறார் என்று அவர் நூல் சொல்வது மெய்யானால், அம்மையாரின் உள்ளத்தில் பேசியது யார்? ஒருவர் தெளிந்த சித்தமும் மற்றவர் தெளிந்த சித்தமும் மோதுமிடத்தில், அதிகாரம் உள்ளவரின் தெளிவே வெல்கிறது. இதற்கு அந்த நூல் பரிகாரம் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றொன்று: நூலின் 18ஆவது முன்குறிப்பு, திறன் குறைந்தவர்களுக்குச் சில எளிய பயிற்சிகளைக் கொடுத்து நிறுத்திக்கொண்டு, தெரிவுப் பகுதிக்கு அவர்களை அழைத்துச் செல்லாதிருப்பதே நலம் என்கிறது. வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளும் பாக்கியம் வசதியும் கல்வியும் உடையவருக்கே உரியது என்ற எண்ணம் இதனால் வலுப்பெறுகிறது. தொழிலும் துணையும் பிறரால் தீர்மானிக்கப்பட்ட ஒரு பீடித் தொழிலாளிப் பெண்ணிடம் சென்று, உன் அழைப்பு எது என்று கேட்பதில் என்ன பயன் என்று தோன்றலாம்.

அவளுக்கும் உரிய ஒரு பகுதி நூலிலேயே உண்டு என்பது என் துணிபு. நிலை மாற்ற இயலாதவர்கள் தம் ஜீவியத்தைச் சீர்திருத்தும் முறை என்று இஞ்ஞாசியார் தனியே எழுதியிருக்கிறார்: எவ்வளவு பெரிய வீடு வேண்டும், அதை எப்படி நடத்துவது, வருமானத்தில் குடும்பத்துக்கு எவ்வளவு, ஏழைகளுக்கு எவ்வளவு என்பன அங்கே எழும் கேள்விகள். செல்வரை எண்ணி எழுதியதேனும், சனிக்கிழமை கூலி வாங்கி, மகளின் படிப்புக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, காணிக்கைக்கு இவ்வளவு என்று பிரிக்கும் கையும் தெரிவு செய்கிற கைதான். குடிகாரக் கணவனிடம் எதைப் பொறுப்பது, எதை மறுப்பது என்று அவள் முடிவு செய்வதும் பெரிய தெரிவுதான். அலுவல் மிகுந்தவர் ஒடுக்கத்துக்கு வராமலே நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் இப்பயிற்சிகளைச் செய்யலாமென்று 19ஆவது முன்குறிப்பு சலுகை தருகிறது. அச்சலுகையை அவளுக்கும் நீட்டி, பங்குக் கோவிலிலேயே, அவள் வேலை முடிந்து வரக்கூடிய வேளையில், அவள் பேசும் தமிழில் நடத்த வேண்டியது ஞான ஒடுக்கம் கொடுக்கும் குருக்களின் கடமை.