திரிப்போலி உடன்படிக்கையும் அதை வாசித்தவர்களும்

2001 செப்டம்பர் நிகழ்வுகளுக்குப் பின், அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இரண்டு ஆவணங்கள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படுகின்றன. ஒன்று, 1786 மார்ச்சில் லண்டனில் திரிப்போலியின் தூதர் அப்துர் ரஹ்மானைச் சந்தித்த ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்சனும், வெளிவிவகாரச் செயலாளர் ஜான் ஜேவுக்கு அனுப்பிய அறிக்கை. மற்றது, 1797இல் அமெரிக்க செனட் ஏற்றுக்கொண்ட திரிப்போலி உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு. முன்னதை இஸ்லாத்தின் மீது குற்றப்பத்திரிகை வாசிப்போர் கையிலெடுத்தனர். பின்னதை நாம் கையிலெடுத்தோம். இருசாராரும் ஒரு நீண்ட வரலாற்றிலிருந்து தமக்குத் தேவையான பத்தியை மட்டும் கிழித்தெடுத்தனர் என்பதே நமது கருத்து.

முதலில் அந்த லண்டன் அறிக்கை. தமக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு நாட்டின் கப்பல்களை ஏன் தாக்குகிறீர்கள் என்று ஆடம்ஸும் ஜெபர்சனும் கேட்கின்றனர். தூதர் மார்க்கத்தை ஆதாரமாகக் காட்டி, தம் அதிகாரத்தை ஏற்காத சமூகங்களோடு போரிடுவது கடமை எனப் பதிலுரைத்ததாக அறிக்கை சொல்கிறது. 2007இல் கிறிஸ்டோபர் ஹிட்சென்ஸ் எழுதிய கட்டுரை இப்பகுதியை முதன்மைச் சான்றாக நிறுத்திற்று. ஜோஷுவா லண்டன் 2005இல் வெளியிட்ட நூலும் திரிப்போலிப் போரை ஏறத்தாழ இதே ஒளியில்தான் காண்கிறது.

ஆனால் இது தூதரின் கையெழுத்தில் உள்ள வாசகமன்று. எதிர்த்தரப்பினர் இருவர் தம் மொழியில் தந்த சுருக்கம். அதற்கு முந்தைய மாதம் ஆடம்ஸும் தூதரும் முதன்முறை பேசிக்கொண்டது அரபியிலோ ஆங்கிலத்திலோ அல்ல. துறைமுகங்களில் வழங்கிய கலப்பு மொழியும் இத்தாலியமும் பிரெஞ்சும் விரவிய பேச்சில். அதைவிட முக்கியமானது, அதே பேச்சுவார்த்தையில் இடம்பெற்ற விலைப்பட்டியல். நிரந்தர சமாதானத்துக்கு 30,000 கினி, தூதருக்குக் கையுறையாக 3,000 பவுண்டு, துனிஸுக்கும் அதேபோன்ற தொகை. முப்பதாயிரம் கினிக்கு என்றென்றைக்குமாக விட்டுக்கொடுக்கக்கூடிய ஒன்றை மார்க்கக் கடமை என்று எந்த ஃபிக்ஹ் நூல் சொல்லும்? தூதர் பேரம் பேசினார். பேரத்துக்கு மார்க்கத்தின் மொழியைப் போர்த்தினார். இதைச் சொல்வதால் அவருடைய தவறு குறைந்துவிடாது, கூடவே செய்கிறது. ஆனால் அதை ஒரு மார்க்கத்தின் வாக்குமூலமாக வாசிப்பது ஆவணத்தைப் பாதியில் மூடிவைப்பதாகும்.

பிராங்க் லாம்பர்ட் 2005இல் வெளியிட்ட பார்பரிப் போர்கள் பற்றிய நூல் இவ்விடத்தில் பெரிதும் பயன்படுகிறது. இப்போர்கள் சமயத்தைப் பற்றியவை அல்ல, வணிகத்தைப் பற்றியவை; விடுதலைப் போரின் தொடர்ச்சியாக, அட்லாண்டிக் கடல்வழிகளில் தடையற்ற வணிகம் நாடிய ஒரு புதுநாட்டின் போராட்டங்கள் என்பது அவரது வாதம். அதைக் காலவரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், பெரும்பாலும் நிற்கிறது. பிரிட்டனின் குடியேற்றங்களாக இருந்தவரை அமெரிக்கக் கப்பல்களுக்குப் பிரிட்டிஷ் கடவுச்சீட்டின் காப்பு இருந்தது. விடுதலையோடு அது போயிற்று. 1785இல் அல்ஜியர்ஸ் இரண்டு கப்பல்களைப் பிடித்து 21 பேரைச் சிறையிட்டது. பின்னர் ஜிப்ரால்டர் நீரிணையைப் போர்ச்சுகல் காவல் செய்தவரை நிலைமை அடங்கியிருந்தது. 1793இல் அல்ஜியர்ஸிலிருந்த பிரிட்டிஷ் கான்சலின் முயற்சியால் போர்ச்சுகலுக்கும் அல்ஜியர்ஸுக்கும் போர்நிறுத்தம் ஏற்பட்டது. சில வாரங்களுக்குள் 11 அமெரிக்கக் கப்பல்களும் நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகளும் பிடிபட்டனர். ஆறு போர்க்கப்பல்கள் கட்ட அனுமதிக்கும் 1794 மார்ச் மாதச் சட்டம் இதன் விளைவே. அல்ஜியர்ஸோடு சமாதானம் ஏற்பட்டால் கட்டுமானம் நிறுத்தப்படும் என்றும் அச்சட்டத்தில் எழுதியிருந்தனர்.

இதே ஆண்டுகளில் பிரிட்டன் மேற்கிந்தியக் கடலில் ஏறத்தாழ 250 அமெரிக்கக் கப்பல்களைக் கைப்பற்றியது. பிரான்ஸ், ஓராண்டுக்கும் குறைவான காலத்தில் 316 கப்பல்களைப் பிடித்ததாக 1797 ஜூனில் வெளியுறவுச் செயலாளர் டிமதி பிக்கரிங் அறிக்கையிட்டார். பேச்சுவார்த்தையைத் தொடங்குவதற்கே பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் தல்லேராந்தின் முகவர்கள் கையூட்டுக் கேட்டனர். அது ஆடம்ஸின் ஆட்சியை உலுக்கி, அறிவிக்கப்படாத ஒரு கடற்போரில் முடிந்தது. பிரிட்டிஷார் அமெரிக்க மாலுமிகளைக் கட்டாயமாகத் தம் கடற்படைக்கு இழுத்துச் சென்றது 1812 வரை தொடர்ந்த வழக்கு. இவற்றையெல்லாம் வரலாற்று நூல்கள் நடுநிலைநாட்டின் உரிமை பற்றிய தகராறு என்கின்றன. பதினொரு கப்பல்களுக்கு மட்டும் நாகரிகங்களின் மோதல் என்ற தலைப்பு வழங்கப்படுகிறது. ஹிட்சென்ஸிடமிருந்து நாம் பெறாத விளக்கம் இதுதான்.

மொராக்கோவும் இச்சித்திரத்துக்குள் அடங்குவதில்லை. சுல்தான் முஹம்மது பின் அப்துல்லாஹ் 1777 டிசம்பரிலேயே அமெரிக்கக் கொடி தாங்கிய கப்பல்களுக்குத் தம் துறைமுகங்களைத் திறந்துவிட்டார். அமெரிக்கா பதில் சொல்லாதிருந்ததால் 1784இல் ஒரு கப்பலைப் பிடித்து வைத்து, மாலுமிகளைத் துன்புறுத்தாமல் விடுவித்தார். 1786இல், ஆண்டுக் கப்பம் ஏதுமின்றி, உடன்படிக்கை ஆயிற்று. 1789 டிசம்பரில் வாஷிங்டன் அவருக்கு எழுதிய கடிதத்தில், தம் நாட்டில் பொன்சுரங்கமோ வெள்ளிச்சுரங்கமோ இல்லை என்று சொல்லிக்கொள்கிறார். ஒரு புதுநாட்டின் கூச்சம் அதில் தெரிகிறது.

இனி நமது தரப்புக்கு வருவோம். 1797 உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, அமெரிக்க அரசாங்கம் எவ்வகையிலும் கிறித்தவ சமயத்தின் மீது நிறுவப்பட்டதன்று என்றும், முஸ்லிம்களின் சட்டங்கள் மீதும் சமயத்தின் மீதும் அதற்குப் பகைமை இல்லை என்றும் கூறுகிறது. நம் மேடைகளில் இது இஸ்லாத்துக்கு அமெரிக்காவின் மூதாதையர் அளித்த நற்சான்றாகவே பேசப்படுகிறது. அவ்வாறு பேசுவோர் 1930இல் ஸ்நூக் ஹர்க்ரோன்யே அந்த உடன்படிக்கையின் அரபி மூலத்தை ஆராய்ந்து கண்டதைக் கேள்விப்பட்டதில்லை போலும். அரபியில் அப்படியொரு பிரிவே இல்லை. அந்த இடத்தில் இருப்பது, திரிப்போலியின் யூசுஃப் பாஷாவுக்கு அல்ஜியர்ஸின் ஆட்சியாளர் ஹஸன் பாஷா எழுதிய ஒரு கடிதம். ஆங்கிலப் பிரதிக்குச் சான்றொப்பமிட்டவர் தூதர் ஜோயல் பார்லோ. அப்பிரிவு அதில் எவ்வாறு நுழைந்தது என்பது இன்றுவரை தீராத புதிர்.

ஆகவே அந்த வாசகம் முஸ்லிம்களிடம் சொல்லப்பட்டதா என்பதே ஐயத்துக்குரியது. அமெரிக்கர்களிடம் சொல்லப்பட்டது என்பதில் மட்டும் ஐயமில்லை. செனட்டின் முன் வைக்கப்பட்டது ஆங்கிலப் பிரதி. 1797 ஜூன் 7ஆம் நாள் வருகை தந்திருந்த 23 உறுப்பினர்களும் எதிர்ப்பின்றி ஏற்றனர். மூன்று நாள் கழித்து ஆடம்ஸ் கையெழுத்திட்டார். அமெரிக்க அரசியலமைப்பு வரலாற்றுக்கு அது பெறுமதி மிக்க சான்று. இஸ்லாத்தின் மீதான நேசத்துக்குச் சான்றன்று. 1805இல் திரிப்போலியோடு செய்த அடுத்த உடன்படிக்கையில் பகைமையின்மை பற்றிய வரி எஞ்சியது. அரசின் அடித்தளம் பற்றிய வரி விடப்பட்டது. மேடைப் பேச்சாளர் அதைச் சொல்வதில்லை.

அரபிப் பிரதியில் இருக்கும் அக்கடிதமே நமக்கு அதிகம் கற்பிக்கிறது. ஆங்கிலப் பிரதியின் 12ஆம் பிரிவும் பிணக்குகளை அல்ஜியர்ஸின் தீர்ப்புக்கு விடுகிறது. அதாவது திரிப்போலியை அமெரிக்கா அல்ஜியர்ஸின் சிற்றரசைப்போல் நடத்தியது. 1795இல் அல்ஜியர்ஸ் ஆறு இலட்சம் டாலருக்கு மேல் பெற்று, ஆண்டுதோறும் 21,600 டாலர் மதிப்புள்ள கப்பற்பொருள்களுக்கும் உறுதி வாங்கியிருந்தது. திரிப்போலிக்கு ஒருமுறைப் பரிசோடு சரி. 1801 மே மாதம் யூசுஃப் கரமான்லி அமெரிக்கக் கொடிமரத்தை வெட்டச் செய்ததன் பின்னே, 225,000 டாலருக்கான கோரிக்கையோடு இந்த அவமான உணர்வும் இருந்தது. லாம்பர்ட்டின் வணிகக் கணக்கில் இந்த மானப்பிரச்சினைக்குப் போதிய இடமில்லை. அவருடைய நூலில் திரிப்போலியும் அல்ஜியர்ஸும் அமெரிக்கக் கடிதங்களின் வழியாகவே பேசுகின்றன.

சமயத்தை முற்றாக வெளியேற்றும்போது அவர் இன்னொன்றையும் இழக்கிறார். மக்ரிப் துறைமுகங்களில் கிறித்தவக் கைதிகள் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டனர். அதைக் கடல்வீரம் என்று பாராட்டும் நம்மவர் எழுத்துகளை நாம் படித்திருக்கிறோம், வெட்கப்பட்டும் இருக்கிறோம். அநீதி நம்மவர் கையால் நிகழ்ந்தால் அதற்கு வேறு பெயர் வந்துவிடாது. அக்காலத்தில் இதை மிகக் கூர்மையாகக் கண்டவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1790 மார்ச்சில், இறப்பதற்குச் சில வாரங்களே இருக்கையில், அல்ஜியர்ஸின் அவையில் கிறித்தவ அடிமைகளை விடுவிக்கக் கூடாதென வாதிடும் ஒரு கற்பனை உரையை அவர் வெளியிட்டார். அடிமைமுறையை ஆதரித்து ஜார்ஜியாவின் உறுப்பினர் காங்கிரஸில் சொன்ன நியாயங்களே சமயத்தை மாற்றி அதில் திரும்பி வந்தன.

டெனிஸ் ஸ்பெல்பெர்க் 2013இல் ஜெபர்சனின் குர்ஆனைப் பற்றி எழுதிய நூல் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. 1765இல் சட்ட மாணவராயிருந்தபோது ஜார்ஜ் சேலின் மொழிபெயர்ப்பை ஜெபர்சன் வாங்கினார். 2007இல் கீத் எல்லிசன் அதன்மீது கைவைத்துக் காங்கிரஸ் உறுப்பினராக உறுதிமொழி எடுத்தார். 1805 டிசம்பர் 9ஆம் நாள், ரமளான் மாதத்தில், துனிஸ் தூதர் சுலைமானுக்காக ஜெபர்சன் விருந்து நேரத்தைச் சூரிய அஸ்தமனத்துக்கு மாற்றினார். அழகிய செயல், மறுக்கமாட்டோம். ஆனால் அத்தூதர் வந்தது, அமெரிக்கக் கடற்படை பிடித்த துனிஸியக் கப்பல்களை மீட்க என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்பெல்பெர்க்கின் நூலில் நம்மை நிறுத்தியது வேறொன்று. அமெரிக்காவின் நிறுவனர்கள் என்றோ ஒருநாள் குடிமக்களாக வரக்கூடிய முஸ்லிம்களைக் கற்பனையில் கண்டு அவர்களுக்கு உரிமை பேசினர். தம் மண்ணில் அடிமைகளாக உழைத்த முஸ்லிம்களை அவர்கள் காணவில்லை.

அவர்களுள் ஒருவர் ஃபூத்தா ஜல்லோனைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்ராஹீம். 1788இல் விற்கப்பட்டு மிசிசிப்பியின் நாட்செஸில் நாற்பதாண்டுக் காலம் அடிமையாக இருந்தார். 1826இல் அவர் அரபியில் எழுதிய கடிதம் தான்ஜியரிலுள்ள அமெரிக்கக் கான்சலைச் சென்றடைந்தது. அரபி எழுதுபவர் மூர் இனத்தவராகத்தான் இருப்பார் என்று கருதப்பட, மொராக்கோ சுல்தானும் விடுதலை கோரினார். ஜான் குவின்சி ஆடம்ஸின் அரசு 1828இல், நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு, விடுதலைக்கு வழி செய்தது. அவர் மொராக்கோவைச் சேர்ந்தவர் அல்லர். பிள்ளைகளை மீட்கப் பணம் திரட்டி ஊர் ஊராகச் சென்றபோது, பிலடெல்பியாவில் ஒருவர், இயேசு கற்பித்த செபத்தை அரபியில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தார். கீழே அந்த அமெரிக்கர், இது அந்தச் செபம் என்று ஆங்கிலத்தில் குறித்து வைத்தார். தாளில் இருப்பது ஸூரத்துல் ஃபாத்திஹா.