ஆறவைக்கும் கல்லூரிகள்

கலிபோர்னியா 1960இல் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், மிச்சமிருப்போருக்கு ஜூனியர் கல்லூரிகள். இன்று இவற்றைச் சமுதாயக் கல்லூரிகள் என்கிறார்கள். கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது.

கதவுக்கு உள்ளே நடப்பதற்கு 'ஆறவைத்தல்' என்று அதே ஆண்டு பெயரிட்டவர் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க். எர்விங் காஃப்மனிடமிருந்து எடுத்த சொல். காஃப்மனோ அதை மோசடிக்காரர்களிடமிருந்து எடுத்தார்: ஏமாந்தவன் ரகளை செய்யாதபடி கூடவே இருந்து சமாதானம் சொல்லி அனுப்புவது. கல்லூரியில் இந்த வேலை ஆலோசகருக்கு. தேர்வு மதிப்பெண், எச்சரிக்கைக் கடிதம் எல்லாம் கோப்பில் சேர்ந்தபின், "இன்ஜினியர் எதுக்குப்பா, உதவியாளர் படிப்பு உனக்குச் சரியா வரும்" என்பார். யாரும் துரத்துவதில்லை. மாணவன் தானே விலகுகிறான், தோல்வியும் அவனுடையதாகிவிடுகிறது.

கிளார்க் இதைக் கண்டித்ததாக நினைக்க வேண்டாம். ஆசையைத் தூண்டிவிட்டு இடம்தராத சமூகம் குலையாமலிருக்க இது பயன்படுகிறது என்பதே அவர் வாதம். பின்னால் வந்த இடதுசாரிகள் இதே சொல்லைக் குற்றச்சாட்டாக மாற்றினார்கள். நல்லதுதான். ஆனால் இரு தரப்பிலும் மாணவன் வாய் திறப்பதேயில்லை. எனக்கு இங்கேதான் உடன்பாடில்லை. பின்னர் மெரிட் கல்லூரி எனப்பட்ட ஓக்லண்ட் சிட்டி கல்லூரியில்தான் ஹ்யூயி நியூட்டனும் பாபி சீலும் சந்தித்தார்கள். கறுப்பர் வரலாற்றைப் பாடமாக வைக்கச் சொல்லி அங்கேயே மல்லுக்கு நின்றார்கள். 1966 அக்டோபரில் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். ஆறவைக்கக் கட்டிய கூரையின் கீழ் இத்தனை சூடு எப்படி வந்தது என்பதற்குக் கிளார்க்கின் கோட்பாட்டில் இடமில்லை.