வெயிலில் வைத்த நானோ குழாய்

அறிவியல் செய்தி எழுதுகிறவர்கள்மேல் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். கார்பன் நானோ குழாய் என்றதும் ‘எஃகைவிட நூறு மடங்கு வலு’ என்று ஆரம்பித்து, விண்வெளிக்கு லிஃப்ட் வரை போய்விடுகிறார்கள். ‘எந்த நிலைமையில் அளந்தது சார்?’ என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டிய இடம் ஒன்று சொல்கிறேன்: புற ஊதா வெளிச்சம்.

முதலில் குழாய். கோழிக் கூண்டுக்கு அடிக்கும் அறுகோண வலையைக் கார்பன் அணுக்களால் பின்னிச் சுருட்டினால் நானோ குழாய். மெல்லிய ரகத்தின் விட்டம் ஒரு நானோமீட்டர் அளவுதான். உங்கள் தலைமுடி அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு தடிமன். 1991ல் ஜப்பானின் என்.இ.சி. ஆய்வகத்தில் சுமியோ இஜிமா விவரித்த பிறகு இது பிரபலமானது. (1952லேயே இரண்டு ரஷ்யர்கள் படம் பிடித்துப் பிரசுரித்திருந்தார்கள். கட்டுரை ரஷ்ய மொழியில் இருந்ததால் வெளியுலகம் கண்டுகொள்ளவில்லை.)

இதைப் பிளாஸ்டிக்கில் கலந்தால் கம்போசிட். பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது. ஆனால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் குழாய்களைத் தூவினால் போதும், கடத்த ஆரம்பித்துவிடும். வரிசையில் நின்று குடத்தைக் கைமாற்றுகிற மாதிரி, குழாய்க்குக் குழாய் எலெக்ட்ரான் தாவும். ஆள் போதாவிட்டால் குடம் நகராது. போதுமான ஆள் சேர்ந்த கணத்தில் சரசரவென்று நகரும்.

சரி, இதன்மேல் புற ஊதா அடித்தால்? வெளிச்சம் எலெக்ட்ரான்களை உசுப்பிவிடும், மின்சாரம் கூடும் என்றுதான் பள்ளிக்கூட இயற்பியல் சொல்லும். நடந்தது வேறு.

2000ல் பெர்க்லியில் அலெக்ஸ் செட்டல் குழுவினர், நானோ குழாய்கள் ஆக்ஸிஜனுக்கு அபாரமாக மயங்குபவை என்று காட்டினார்கள். காற்றில் அளந்தால் ஒரு விடை, வெற்றிடத்தில் அளந்தால் இன்னொரு விடை. அதாவது, அதுவரை ‘குழாயின் குணம்’ என்று எழுதப்பட்டதில் கொஞ்சம் காற்றின் குணம்! அடுத்த வருடம் ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜியே தாய் குழுவினர் தனிக் குழாய்மேல் புற ஊதா அடித்தார்கள். மின்கடத்தல் குறைந்தது. வெளிச்சம், குழாயில் ஒட்டிக்கொண்டிருந்த ஆக்ஸிஜனைக் கிளப்பி விரட்டிவிட்டது. காற்றைத் திருப்பிக் கொடுத்தால் ஆக்ஸிஜன் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

கதை அதோடு முடியவில்லை. 2002 வாக்கில் ஐ.பி.எம்.காரர்கள், ஆக்ஸிஜன் பெரிதும் விளையாடுவது குழாயின் உடம்பில் அல்ல, உலோகக் கம்பி அதைத் தொடும் இடத்தில் என்றார்கள். மூன்று வருடத்துக்குள் மூன்று திருத்தம். விஞ்ஞானத்துக்கு இது அழகு. செய்தித் தலைப்புக்கு இது இடைஞ்சல்.

இதெல்லாம் தனிக் குழாய். பிளாஸ்டிக்குக்குள் புதைத்த குழாயிடம் ஆக்ஸிஜன் அவ்வளவு சுலபமாக வந்துபோக முடியாது. அங்கே புற ஊதா வேறு வேலை பார்க்கிறது. நிமிடக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில். மொட்டைமாடி பிளாஸ்டிக் நாற்காலி வெளிறி நொறுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எப்பாக்ஸிக்கும் அதே கதிதான். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் சோதித்தபோது, மேலே எப்பாக்ஸி அரித்துப்போக, உள்ளே இருந்த குழாய்கள் வெளியே வந்து மேற்பரப்பில் அடர்த்தியான வலையாகப் படிந்தன.

கவனியுங்கள். அந்த வலையே மின்சாரத்துக்கு நல்ல பாதை. மேற்பரப்பில் மீட்டரை வைத்தால் கடத்தல் ‘முன்னேறியதாக’க் காட்டலாம். பொருளோ செத்துக்கொண்டிருக்கும்! எண் சரி, அர்த்தம் தலைகீழ்.

இது வெறும் ஆய்வக வம்பு அல்ல. 2011ல் வியாழனுக்குக் கிளம்பிய ஜூனோ விண்கலத்தில், நிலைமின்சாரம் சேராமல் வடிக்க நானோ குழாய்த் தாள் பயன்பட்டது. அங்கே காற்று கிடையாது, காற்றில் அளந்த கிராஃப் அங்கே செல்லாது. பூமியிலோ வேறு கவலை. பல அடுக்குக் குழாயில் ஒரு ரகத்தை, மனிதருக்குப் புற்றுநோய் தர வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2014ல் சேர்த்தது. வெயிலில் உரிந்து நிற்கும் வலையைச் சுரண்டினால் என்ன உதிரும் என்ற கேள்வி, மின்கடத்தல் கூடியதா என்பதைவிட முக்கியம்.

எனவே, ‘வெளிச்சம் பட்டது, மின்சாரம் பாய்ந்தது’ என்று அடுத்த முறை படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். காற்றிலா, வெற்றிடத்திலா? ஒரு நிமிடமா, ஒரு வருடமா? மேல்தோலிலா, உள்ளேயா? பதில் இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டி ராசிபலன் படிக்கலாம். அதிலாவது எந்த வாரத்துக்கு என்று போட்டிருக்கும்.