ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாண்டு

எங்கள் வன்னிப் பேச்சில் முதல் மூன்று எண்ணும் ஒரே ஓசையில் முடியும்: ஒண்டு, ரெண்டு, மூண்டு. எண்ணப் பழகும் பிள்ளை அடுத்ததாக “நாண்டு” என்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காத சொல். கேட்ட மூன்றில் ஒரு விதியைக் கண்டு, நாலாவதைத் தானே செய்துகொண்டது! ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணும் மதுரைப் பிள்ளைக்கு இந்தச் சந்தம் வாய்க்காது. முன்பள்ளி வயதில் பத்தைத் தாண்டினால் “பத்தொண்டு, பத்துரெண்டு” வரும். பதினொன்று, பன்னிரண்டைவிட அவைதான் நேரான எண்கள்.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு வாங்கிவந்த கச்சானைப் பாயில் கொட்டி, “மூண்டு தாங்கோ” என்று கேட்டுப் பாருங்கள். பத்துவரை பிசகாமல் சொன்ன அதே பிள்ளை, கை கொண்டமட்டும் அள்ளித் தரும். உளவியலாளர் காரென் வின் 1990இல் எழுதியதும் இதைத்தான்: எண்வரிசை பாட்டுப்போல முதலில் வந்துவிடுகிறது, மூன்று என்றால் எத்தனை என்பது பிடிபட மாதக்கணக்காகும்.

எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்தது அந்தத் “தாங்கோ”வில் உள்ள மரியாதை. பிள்ளைக்கும் பழகட்டும் என்று பெரியவர்கள் அதனோடு “வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ” என்றே கதைப்பார்கள். பிள்ளை அதை ஆள் பார்த்துக் கொடுப்பதில்லை. முற்றத்துக் கோழியிடம் “தள்ளுங்கோ”. வேலிக்குள் தலை நீட்டும் மாட்டிடம் “போங்கோ, அம்மம்மா ஏசுவா”. மழையிடம்கூட “நில்லுங்கோ”. தன்னை மட்டும் “நான்” என்னாது. “பிள்ளைக்குப் பசிக்குது” என்னும். நான், நீ எல்லாம் வாய்க்கு வாய் ஆள் மாறும் சொற்கள். “பிள்ளை” யார் வாயிலும் மாறுவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டது அந்தச் சின்னத் தலையின் கெட்டித்தனம்.

கிளினிக் கொப்பியில் நிறை, உயரம், தடுப்பூசி எல்லாம் திகதியோடு ஏறுகின்றன. “நாண்டு” ஏறுவதில்லை. அதற்கு ஆயுளும் குறைவு. ஒருநாள் காலையில் “நாலு” வந்து உட்கார்ந்துவிடும். 2009 போர்க்கால இடப்பெயர்வில் படங்களையும் பெட்டிகளையும் விட்டுவிட்டு ஓடிய மண் இது. இன்றைய தாய் தகப்பன் பலரிடம் தங்கள் மழலைப் பருவத்தின் ஒரு படமும் இல்லை. ஆகவே பெற்றோரே, அம்மம்மாமாரே, பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே, எழுத்தைத் திருத்தாமல், ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள்.