பூசணிக்காயும் செயற்கைக்கோளும்

ஒரு ரகசியத்தை ஊருக்கே காட்டிக்கொடுக்க எளிய வழி எது தெரியுமா? அதன்மேல் கட்டம் போட்டு மறைப்பது.

சந்தேகமிருந்தால் 2018-ல் நடந்த கூத்தைப் பாருங்கள். ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனம் தன் இணைய வரைபடத்தில் இஸ்ரேல், துருக்கி இரண்டு நாடுகளின் ராணுவ இடங்களையும் கலங்கலாக்கி வைத்திருந்தது. அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் உட்கார்ந்து அந்தக் கலங்கல்களை எண்ணினார். 300-க்கு மேல் தேறியது. உளவாளி ஒருவன் வருடக்கணக்கில் மெனக்கெட்டுச் சேகரிக்க வேண்டிய பட்டியல், காலணா செலவில்லாமல் கிடைத்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் பூசணிக்காய் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் மட்டும் சோற்றைக் குவித்து வைத்தார்கள். தேடுகிறவனுக்கு வேலை மிச்சம்.

நம் நாட்டில் இந்தப் பேச்சு 2005-ல் சூடு பிடித்தது. ஜூனில் கூகுள் எர்த் வந்தது. அக்டோபரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், ஹைதராபாத்தில் போலீஸ் அதிகாரிகள் மத்தியில் பேசும்போது கவலை தெரிவித்தார். தீவிரவாத ஆபத்து உள்ள வளரும் நாடுகளின் படங்கள் இப்படிக் கடைவிரிக்கப்படுகின்றனவே என்பது அவர் கேள்வி. ராக்கெட் விட்ட மனிதர். வானத்திலிருந்து என்ன தெரியும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே வருடம் மே 5-ம் தேதிதான் நம்முடைய கார்ட்டோசாட்-1 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியிருந்தது. அதன் படத்தின் தெளிவு 2.5 மீட்டர்.

அதென்ன 2.5 மீட்டர்? வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில், ஜவ்வாது மலை அடிவாரத்துப் பக்கம் கணியம்பாடி இருக்கிறது. அங்கே பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு பஸ் நிற்கிறது என்று வையுங்கள். 2.5 மீட்டர் படத்தில் அந்த பஸ் நாலு புள்ளி நீளம். 1 மீட்டர் படத்தில் பத்துப் புள்ளி. இன்றைக்குக் காசு கொடுத்தால் கிடைக்கிற 30 சென்டிமீட்டர் படத்தில் முப்பதுக்கு மேல். டிரைவர் மீசை தெரியாது. ஆனால் நிற்பது பஸ்ஸா லாரியா என்று சொல்லிவிடலாம். ஆச்சா?

இந்தப் புள்ளிக் கணக்கை வைத்துத்தான் மறைக்கிற வேலை நடக்கிறது. நம் அரசின் 2001 கொள்கைப்படி 5.8 மீட்டரைவிடத் தெளிவான படம் என்றால் அரசாங்கத்தின் சல்லடையில் சலித்துத்தான் வெளியே வரும். 2011-ல் அந்தக் கோடு 1 மீட்டருக்கு இறங்கியது. 2009-ல் இஸ்ரோ கொண்டுவந்த ‘புவன்’ வரைபடத்திலும் பாதுகாப்பு இடங்களுக்கு முகமூடி உண்டு. கூகுளோடும் அரசு பேச்சுவார்த்தை நடத்தியது. முக்கியமான இடங்களை மங்கலாக்க ஏற்பாடாகியிருப்பதாக 2007-ல் செய்திகள் வந்தன.

சரி, இதனால் என்ன பாதுகாக்கப்பட்டது?

கணியம்பாடியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 65 கிலோமீட்டரில் அரக்கோணம். அங்கே கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானதளம், 1992-லிருந்து இயங்குகிறது. நாலு கிலோமீட்டர் ஓடுபாதையை எந்தப் போர்வையால் மூடுவது? விமானம் தாழப் பறந்து வந்து இறங்குவதைச் சுற்றுவட்டாரமே பார்க்கிறது. அங்கே தளம் இருப்பது ரகசியமே இல்லை. இன்று ராத்திரி எத்தனை விமானம் கிளம்பும், எங்கே போகும் என்பதுதான் ரகசியம். கூகுளில் நாம் பார்க்கிற படமோ பெரும்பாலும் மாதக்கணக்கில் பழசு, சில இடங்களில் வருடக்கணக்கில்.

மும்பையை மறக்க முடியுமா என்பீர்கள். முடியாதுதான். 2008 நவம்பர் 26 தாக்குதலுக்குத் திட்டம் போட்டவர்கள் கூகுள் எர்த்தையும் பயன்படுத்தினார்கள். உடனே அதைத் தடை செய்யச் சொல்லி பம்பாய் உயர்நீதிமன்றத்தில் மனு போடப்பட்டது. ஆனால் அவர்கள் ஜி.பி.எஸ்., சாட்டிலைட் போன், இன்டர்நெட் போன் எல்லாவற்றையும் பயன்படுத்தினார்கள். அதைவிட முக்கியம், டேவிட் ஹெட்லி என்கிற ஆசாமி 2006-லிருந்தே பலமுறை மும்பைக்கு வந்து, ஹோட்டல்களுக்குள் நடந்து, வீடியோ எடுத்துக்கொண்டு போயிருந்தான். தாஜ் ஹோட்டலின் மாடியைக் கலங்கலாக்கியிருந்தால் ஹெட்லியின் கேமரா என்ன, கெட்டா போயிருக்கும்?

நான் பி.காம். படித்தவன். எதற்கும் பற்று, வரவு இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். வரவு மேலே பார்த்ததுதான், சொற்பம். பற்றுப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடிகள் இருக்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலம் தன் அனுபவத்தில் இருந்தது என்று காட்டினால்தான் ஒருவர் பட்டா கேட்க முடியும். என்னென்ன ஆதாரம் காட்டலாம் என்று சட்டத்தின் விதிகள் அடுக்குகின்றன. அந்த வரிசையில் செயற்கைக்கோள் படமும் இருக்கிறது. குஜராத்தில் பழங்குடி மக்கள் அப்படிப்பட்ட படங்களை வைத்துத்தான் நிராகரிக்கப்பட்ட மனுக்களுக்காகப் போராடினார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கர் நிலம் 5.8 மீட்டர் படத்தில் சுமார் 120 புள்ளி. அவ்வளவும் பச்சையாக, மசமசவென்று இருக்கும். அதே ஏக்கர் 2.5 மீட்டர் படத்தில் ஏறத்தாழ 650 புள்ளி. உழுத நிலம் எது, புதர்க்காடு எது என்று பிரித்துச் சொல்ல வாய்ப்பு உண்டு. ஒரு சட்டம் “படம் கொண்டு வா” என்கிறது. அதே அரசின் இன்னொரு கொள்கை, உதவக்கூடிய படத்தை 2011 வரை சல்லடைக்குப் பின்னால் வைத்திருந்தது. ஜவ்வாது மலைச் சாமைக் கொல்லையில் என்ன ராணுவ ரகசியம்?

இப்போதைய 2023 விண்வெளிக் கொள்கையில் 5 மீட்டரும் அதற்கு மேற்பட்டதும் எல்லோருக்கும் இலவசம். அதைவிடத் தெளிவானது அரசுத் துறைகளுக்கு மட்டும் இலவசம், மற்றவர்களுக்கு விலை. முன்பு அனுமதி குறுக்கே நின்றது, இப்போது பர்ஸ் நிற்கிறது.

ஒரு ஏக்கரை விடுங்கள். ஓர் இனமே சாட்சிக்கு ஆளில்லாமல் நின்ற கதை நமக்குத் தெரியும். 2009-ல் இலங்கை ராணுவம் முல்லைத்தீவுக் கடற்கரையில் புலிகளைச் சுருக்கிக் கொண்டுவந்தபோது, சுயேச்சையான பத்திரிகையாளர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். ஏப்ரல் 27-ம் தேதி, இனி கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பு அறிவித்தது. அங்கிருந்து உண்மையைச் சொல்ல வானம் மட்டும்தான் மிச்சம்.

ஐ.நா.வின் யூனோசாட் அமைப்பு வணிகச் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, பாதுகாப்பு வலயத்துக்குள் குண்டுக்குழிகள் இருப்பதைக் குறித்தது. அந்த அறிக்கை பொதுமக்களுக்காக எழுதப்பட்டதல்ல, கசிந்துதான் வெளியே வந்தது. மே 6, மே 10 ஆகிய தேதிப் படங்களை ஒப்பிட்டு அமெரிக்க அறிவியல் சங்கம் ஒன்றும் அறிக்கை தந்தது. மக்களின் தற்காலிகக் குடிசைகள் காணாமல் போயிருந்தன, புதுக் குழிகள் தெரிந்தன. 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு தன் அறிக்கையில் செயற்கைக்கோள் படங்களையும் சான்றாக எடுத்துக்கொண்டது. செத்தவர்களை அந்தப் படங்கள் காப்பாற்றவில்லை. ஆனால் “அப்படி எதுவும் நடக்கவில்லை” என்று சாதிக்கிற வாயை அடைத்தன. பாதுகாப்பு என்கிற ஒற்றை வார்த்தையில் அன்று அந்தப் படங்களும் மங்கலாக்கப்பட்டிருந்தால்?

அதற்காக எதையுமே மறைக்கக் கூடாது என்று நான் கொடி பிடிக்கவில்லை. யுத்தம் நடக்கும்போது நம் டாங்க் இன்று காலை எங்கே நிற்கிறது என்ற படத்தைக் கடையில் விற்க முடியாதுதான். கொஞ்ச நாள் தாமதித்து வெளியிடலாம். அதில் நியாயம் இருக்கிறது. நகர்வதை மறைப்பது ஒன்று, நட்டுவைத்த கட்டடத்தை நிரந்தரமாக மறைப்பது வேறொன்று.

நம் அரசுக்கும் இது மெல்லப் புரிந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2016-ல் ஒரு வரைவு மசோதா வந்தது. அனுமதியில்லாமல் புவியியல் தகவல்களைக் கையாண்டால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், ஏழு வருடம் வரை சிறை என்று பயமுறுத்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் நேர் எதிர்த்திசை. இந்தியர்கள் வரைபடம் போட முன் அனுமதி வேண்டாம், முக்கியமான சில இடங்களின் விவரங்களைக் குறிக்காமல் விட்டால் போதும் என்றன. இது புத்திசாலித்தனம். படத்தைக் கிழிப்பதற்குப் பதில் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிவைக்கிறார்கள்.

மிச்சம் மூன்று வேலை பாக்கி. எதை, எவ்வளவு காலத்துக்கு, யார் உத்தரவில் மறைக்கிறார்கள் என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். தவறாக மறைத்தால் கேட்க ஓர் இடம் வேண்டும். நில உரிமைக்கும் ஏரி ஆக்கிரமிப்புக்கும் ஆதாரமாகப் படம் கேட்கிற கிராம சபைக்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

எதிரி நாட்டிடம் சொந்தமாக செயற்கைக்கோள் இருக்கிறது, இல்லாவிட்டால் வாங்கப் பணமாவது இருக்கிறது. நம் திரையில் விழுகிற கட்டம் அவன் கண்ணை மறைப்பதில்லை. தன் ஊர் ஏரி போன வருடம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று செல்போனில் தேடுகிற கணியம்பாடிக்காரருக்கு இருப்பது அந்த ஒரே திரைதான்.